நினைவு இருக்கும், நோவு தணியும்

திருவனந்தபுரத்தில் ஸ்ரீபத்மநாப சுவாமியைத் தரிசிக்கச் செல்லும் நம்மவர்களில் பலர், கிழக்குக்கோட்டையை அடைந்ததும் முதலில் பழவங்காடி மகாகணபதியின் முன்னிலையில் ஒரு தேங்காயை உடைத்துவிட்டே மேலே நடப்பர். தேங்காய் உடைபடும் ஓசை அந்தச் சந்நிதியில் ஓய்வதேயில்லை. இக்கோயிலுக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. இதனைப் பராமரித்து வருவது இந்திய இராணுவம். திருவிதாங்கூரின் நாயர் படை வழிபட்ட இந்த மூர்த்தி, சுதந்திரத்திற்குப் பின் அந்தப் படை இந்திய இராணுவத்துடன் இணைந்தபோது மதராஸ் ரெஜிமெண்டின் பொறுப்பில் வந்தது.

இந்தக் கணபதி படைவீரர்களிடம் வந்து சேர்ந்த வரலாறு வழிவழியாகச் சொல்லப்படுகிறது. இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள பத்மநாபபுரமே அந்நாளில் திருவிதாங்கூரின் தலைநகரம். அங்கே அரண்மனையின் ஒரு காவல்முனையில் இரவில் நிற்கும் வீரர்களை ஒரு யட்சி அச்சுறுத்தி வந்தாளாம். ஒரு வீரர் அச்சம் தாங்காமல் கலங்கியிருந்த வேளையில், ஆற்றில் நீராடும்போது சிறியதொரு கணபதி விக்கிரகம் அவர் கைக்குக் கிடைத்தது. அதைத் தம்முடன் வைத்துக்கொண்டு காவலுக்கு நின்றார். அச்சம் அவரை விட்டு அகன்றது. பிறகு மற்ற வீரர்களும் அவ்வாறே செய்தனர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் படை திருவனந்தபுரத்திற்கு மாறியபோது கணபதியும் உடன் வந்தார்.

கதையின் ஒரு கூறு சிந்திக்கத் தக்கது. ஆயுதம் தாங்கிய ஒரு காவல் வீரர் இருளில் நடுங்கினார். அவரை யாரும் கோழை என்று இகழ்ந்ததாகக் கதை கூறவில்லை. படையிலிருந்து விலக்கியதாகவும் கூறவில்லை. பற்றிக்கொள்ள அவருக்கு ஒன்று கிடைத்தது. அதைப் பற்றிக்கொண்டு அதே இடத்தில் மீண்டும் நின்றார். அஞ்சியவரின் அச்சத்தை மெய்யானதாக ஏற்றுக்கொண்டு, அவருக்கு ஒரு துணையைத் தந்த கதை இது. மனக்காயம் பட்டவர்களை நாம் எவ்வாறு நடத்த வேண்டும் என்னும் கேள்விக்கு இதில் ஒரு விடையின் தொடக்கம் இருக்கிறது.

வீரமும் நடுக்கமும்

உலகம் இந்தப் பண்பை எப்போதும் காட்டியதில்லை. 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரில், பீரங்கிக் குண்டுகளுக்கு நடுவிலிருந்து மீண்ட வீரர்கள் பலர் உடலில் காயமேதும் இல்லாமலேயே பேச்சிழந்தனர், பார்வை இழந்தனர், கைகால் நடுக்கத்தால் துன்புற்றனர். 1915இல் சார்லஸ் மையர்ஸ் என்னும் பிரிட்டிஷ் மருத்துவர் இந்நிலையை ‘ஷெல் அதிர்ச்சி’ என்னும் பெயரால் மருத்துவ உலகிற்கு எடுத்துரைத்தார். ஆயினும் போர்முனையை விட்டு ஓடியது, கோழைத்தனம் காட்டியது முதலிய குற்றங்களுக்காகப் பிரிட்டிஷ் படையில் சுட்டுக் கொல்லப்பட்டவர்கள் உண்டு. அவர்களுள் இந்நோயால் தாக்குண்டவர்களும் இருந்தனர். அவ்வாறு தண்டிக்கப்பட்ட 306 பேருக்குப் பிரிட்டிஷ் அரசு மன்னிப்பு வழங்கியது 2006இல்தான். ஒரு காயத்தைக் காயம் என்று ஒப்புக்கொள்ள ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் ஆயின!

மருத்துவ உலகிலும் இதற்கு நிலையான பெயர் கிடைக்க வெகுகாலம் ஆயிற்று. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களின் துன்பத்தைக் கண்ட பின்னர், 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இதனைப் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய் என்று தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது.

நம் சாஸ்திரங்களோ இந்த நடுக்கத்தை மறைக்கவில்லை. பகவத் கீதையின் முதல் அத்தியாயத்திற்கே அர்ஜுன விஷாத யோகம் என்று பெயர். தன் காலத்தின் தலைசிறந்த வில்லாளி தன் அங்கங்கள் சோர்வதையும், வாய் உலர்வதையும், உடல் நடுங்குவதையும், வில் கையிலிருந்து நழுவுவதையும், நிற்க இயலாமல் மனம் சுழல்வதையும் ஒவ்வொன்றாகச் சொல்கிறான். அர்ஜுனனின் துயரம் வரப்போவதைப் பற்றியது; நாம் இங்கே பேசுவது நடந்து முடிந்ததன் துயரம். ஆனால் மனத்தின் கலக்கம் உடலில் தோன்றும் விதம் ஒன்றே. அந்தக் கலக்கத்தை யோகம் என்றே அழைத்த மரபு நம்முடையது. நடுக்கம் தாழ்வன்று, அது மேன்மைக்கும் வாயிலாகலாம் என்பது அதன் உட்பொருள்.

கடந்தது கடந்து போகாதபோது

2017ஆம் ஆண்டு நவம்பர் 29, 30 ஆகிய நாட்களில் ஒக்கி புயல் குமரிக் கடலைக் கலக்கியது. பழவங்காடியிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள பூந்துறை, அதற்குத் தெற்கே விழிஞ்ஞம், குமரி மாவட்டத்தின் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய கடலோர ஊர்களிலிருந்து கடலுக்குச் சென்றிருந்த மீனவர்கள் பலர் திரும்பவில்லை. பலருடைய உடல்களும் கரை சேரவில்லை. உயிருடன் மீண்டவர்கள், கவிழ்ந்த படகைப் பற்றிக்கொண்டு, உடனிருந்தவர் கை தளர்ந்து நீரில் மறைவதைக் கண்டவர்கள்.

அத்தகைய ஒருவரை எண்ணிப் பார்ப்போம். புயல் ஓய்ந்து ஆண்டுகள் கடந்துவிட்டன என்பது அவருடைய அறிவுக்குத் தெரியும். ஆனால் இரவில் காற்று சற்றே உரத்து வீசினால் உடல் விறைக்கிறது, நெஞ்சு படபடக்கிறது. கண்ணை மூடினால் அந்தக் கை தெரிகிறது. கடற்கரைப் பக்கம் போவதைத் தவிர்க்கிறார். “நான் பிடித்திருந்தால் அவன் பிழைத்திருப்பான்” என்னும் எண்ணம் உள்ளேயிருந்து அரித்துக்கொண்டே இருக்கிறது. வீட்டாரிடம் எரிந்து விழுகிறார். தன்னை மறக்க மதுவை நாடவும் கூடும்.

சாதாரண நினைவு நாளடைவில் மங்கும். மற்ற அனுபவங்களோடு கலந்து, “அப்போது நடந்தது” என்னும் முத்திரையைப் பெறும். பேரதிர்ச்சியின் நினைவு சிலருக்கு அவ்வாறு மாறுவதில்லை. காட்சி, ஓசை, மணம், உடலின் பதற்றம் யாவும் அன்று பதிந்தவாறே தனித்து நிற்கின்றன. சிறு தூண்டுதல் கிடைத்தாலும் அது நினைவாக எழுவதில்லை, நிகழ்ச்சியாகவே எழுகிறது. பெருந்துன்பம் கண்டவர் அனைவரும் நோயாளர் ஆவதில்லை. பெரும்பாலோர் குடும்பத்தின் அரவணைப்பாலும் காலத்தின் துணையாலும் தேறிவிடுகின்றனர். தேற இயலாமல் நிற்பவர்களைப் பற்றியதே இந்தச் சிந்தனை.

நம் தத்துவம் இதனை விளங்கிக்கொள்ள ஒரு சொல்லைத் தந்துள்ளது: சம்ஸ்காரம். ஒவ்வோர் அனுபவமும் சித்தத்தில் ஒரு பதிவை விட்டுச் செல்கிறது. தக்க தூண்டுதல் வரும்போது அது மீண்டும் அலையாக எழுகிறது என்று யோக சாஸ்திரம் கூறும். ஆழப் பதிந்த சம்ஸ்காரத்தை, “எழாதே” என்று அதட்டி அடக்க முடியாது.

விரலைத் தொடரும் விழி

1987இல் அமெரிக்க உளவியலாளர் பிரான்சின் ஷாப்பிரோ ஒரு பூங்காவில் நடந்துகொண்டிருந்தார். மனத்தை வருத்திய எண்ணங்கள் எழுந்தபோது தம் கண்கள் தாமாகவே இருபுறமும் விரைந்து அசைவதையும், அதன்பின் அவ்வெண்ணங்களின் கூர்மை குறைவதையும் கவனித்தார். அந்தச் சிறு கவனிப்பிலிருந்து ஒரு சிகிச்சை முறையை வகுத்தார். அதனால் 22 பேர் அடைந்த பயனை 1989இல் வெளியிட்டார். கண் அசைவின் வழியாக உணர்வின் கூர்மையைத் தணித்து நினைவை மறுசீரமைக்கும் அந்த முறையே இன்று ஈ.எம்.டி.ஆர். என்னும் சுருக்கப் பெயரால் உலகெங்கும் அறியப்படுகிறது. ஷாப்பிரோ 2019இல் காலமானார்.

இச்சிகிச்சை எட்டுப் படிகளைக் கொண்டது. முதலில் சிகிச்சையாளர் வந்தவரின் வரலாற்றைக் கேட்டறிகிறார். அடுத்து அவரை ஆயத்தம் செய்கிறார். கலக்கம் மிகும்போது மனத்தை அமைதிக்குத் திருப்பும் பயிற்சிகளைக் கற்பிக்கிறார். மூன்றாவது படியில் எந்த நினைவை எடுத்துக்கொள்வது என்று இருவரும் தீர்மானிக்கின்றனர். அந்நினைவின் மிகக் கொடிய காட்சி எது, அது தன்னைப் பற்றி என்ன எண்ண வைக்கிறது, உடலில் எங்கே உணரப்படுகிறது, பூச்சியம் முதல் பத்து வரையான அளவில் வேதனை எவ்வளவு என்று குறித்துக்கொள்கின்றனர்.

நான்காவது படியே இச்சிகிச்சையின் மையம். வந்தவர் அந்தக் காட்சியை மனத்தில் நிறுத்துகிறார். அதே நேரத்தில், தம் முன்னே இடமும் வலமுமாக அசையும் சிகிச்சையாளரின் விரல்களைக் கண்களால் தொடர்கிறார். ஏறத்தாழ அரை நிமிடம் சென்றபின் விரல்கள் நிற்கின்றன. “இப்போது என்ன தோன்றுகிறது?” என்று சிகிச்சையாளர் கேட்கிறார். எது தோன்றினாலும் சரி. அதை ஆராய்வதில்லை, வாதிடுவதில்லை. அதனையே நோக்கியவாறு அடுத்த சுற்று தொடங்குகிறது. சுற்றுகள் தொடரத் தொடர, காட்சி விலகிச் செல்கிறது; வேதனையின் அளவு இறங்குகிறது. மறைந்திருந்த வேறு நினைவுகளும் மேலெழுகின்றன: “அலை என்னையும் தூக்கி எறிந்ததே, என் கையிலும் வலு இல்லையே.” ஐந்தாவது படியில், “என் தவறு” என்றிருந்த இடத்தில், “என்னால் இயன்றதைச் செய்தேன்” என்னும் தெளிவு நிலைபெறச் செய்யப்படுகிறது. உடலில் எஞ்சிய இறுக்கத்தைக் கவனித்தல், அமைதியுடன் அன்றைய அமர்வை முடித்தல், அடுத்த சந்திப்பில் மறுபடியும் அளந்து பார்த்தல் ஆகியவை மற்ற மூன்று படிகள்.

உலகச் சுகாதார நிறுவனம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இந்நோய்க்குப் பரிந்துரைத்த உளவியல் சிகிச்சைகளுள் இதுவும் ஒன்று. நடந்ததை விரிவாக விவரிக்க வேண்டியதில்லை என்பது இதன் தனித்தன்மையாக அங்கே சுட்டப்படுகிறது. நம் சமூகத்திற்கு இது பெரிய வரம். வாய்விட்டுச் சொல்ல இயலாத கொடுமைக்கு உள்ளான பெண், களத்தில் கண்டதை வீட்டில் சொல்லாத வீரர், தந்தையின் அடியை அஞ்சி வளர்ந்த பிள்ளை ஆகியோர் முழுக்கதையையும் சொல்லாமலேயே சிகிச்சை பெறலாம்.

2001 ஜனவரி 26 அன்று குஜராத்தை உலுக்கிய நிலநடுக்கத்திற்குப் பின், நம் நாட்டு உளவியலாளர்களுக்கு இம்முறையில் பயிற்சி அளிக்கப்பட்டது. 2004 டிசம்பர் 26இல் சுனாமி தாக்கியபின் இலங்கையிலும் இது பயன்படுத்தப்பட்டது.

ஏன் பயனளிக்கிறது?

விரலை அசைப்பதால் மனம் ஆறுமா என்னும் ஐயம் எழுவது இயல்பு. அறிஞர்களும் ஐயுற்றனர். அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் மெக்நாலி 1999இல், இதில் பயன் தரும் பகுதி பழையதே என்றும், புதிய பகுதியாகிய கண் அசைவு பயனற்றது என்றும் கடுமையாக விமர்சித்தார். அஞ்சிய நினைவைப் பாதுகாப்பான சூழலில் எதிர்கொள்வதே குணமளிக்கிறது என்பது அவர் போன்றோரின் வாதம்.

அதன்பின் நடந்த ஆய்வுகள் கண் அசைவுக்கும் பங்கு உண்டு என்று காட்டின. பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய லீ, குய்பர்ஸ் என்னும் இருவர் 2013இல் அவ்வாறே முடிவு கண்டனர். இன்று பெரிதும் ஏற்கப்படும் விளக்கம் எளியது. ஒரு நேரத்தில் மனம் கையாளக்கூடியவை சிலவே. கொடிய நினைவைப் பிடித்துக்கொண்டே அசையும் விரலையும் தொடர வேண்டுமானால், கவனம் இரண்டாகப் பிரிகிறது; நினைவுக்குக் கிடைக்கும் பங்கு குறைகிறது. காட்சியின் கூர்மை மழுங்குகிறது. மழுங்கிய அந்த நிலையிலேயே அது மீண்டும் சேமிக்கப்படுகிறது. கனவு காணும் உறக்கத்தில் கண்கள் இமைக்குள் அசைவதோடு இதனை ஒப்பிட்டு விளக்குவோரும் உளர்.

படைவீரர்களைப் பற்றிய கருத்து வேற்றுமையையும் சொல்ல வேண்டும். பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டுதல் 2018இல் இச்சிகிச்சையைப் போர்க்களம் சாராத மனக்காயங்களுக்கே பரிந்துரைத்தது. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் துறையும் பாதுகாப்புத் துறையும் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதலோ முதன்மையாகப் பரிந்துரைக்கும் மூன்று உளவியல் சிகிச்சைகளுள் இதனையும் ஒன்றாக வைத்தது. ஆகவே இது சர்வரோக நிவாரணி அன்று. ஆயினும் சோதித்துப் பார்த்து ஏற்கப்பட்ட மருந்து.

பார்ப்பவனும் பார்க்கப்படுவதும்

சிகிச்சையாளர் தரும் அறிவுரை ஒன்று வேதாந்தம் பயிலும் நமக்கு மிகவும் பழக்கமானது. “ரயிலில் அமர்ந்து, வெளியே ஓடும் காட்சிகளைப் பார்ப்பதுபோல் பாருங்கள். இறங்க வேண்டாம்; நிறுத்தவும் வேண்டாம்” என்ற பொருளில் அவர் கூறுவார். பார்க்கப்படுவது வேறு, பார்ப்பவன் வேறு என்னும் திருக்-திருசிய விவேகம் அன்றோ இது! காட்சிகள் மாறுகின்றன, எண்ணங்கள் மாறுகின்றன, அவற்றை ஒளிர்விக்கும் சாட்சி மாறுவதில்லை என்று நம் ஆசாரியர்கள் இடையறாது போதித்துள்ளனர்.

ஆனால் இங்கே நாம் நேர்மை காக்க வேண்டும். “இதையெல்லாம் நம் முன்னோர் அன்றே கண்டுவிட்டனர்” என்று மார்தட்டிக்கொள்வது எளிது. உண்மைக்கு அது உதவாது. சிகிச்சையின் நோக்கம் நோயைத் தணிப்பது. வேதாந்தத்தின் நோக்கம் ஆத்ம ஞானம். பாதையில் சிறிது தூரம் இரண்டும் அருகருகே செல்கின்றன, அவ்வளவே.

மற்றோர் ஒற்றுமையையும் இவ்வாறே கொள்ள வேண்டும். மெக்ஸிகோவில் 1997இல் வீசிய பாலினா சூறாவளியால் பாதிக்கப்பட்டோரிடையே அகாபுல்கோ நகரில் பணியாற்றிய லூசினா ஆர்திகாஸ், 1998இல் ‘வண்ணத்துப்பூச்சி அணைப்பு’ என்னும் முறையை அமைத்தார். கைகளைக் குறுக்காக மார்பின்மீது வைத்து, வலமும் இடமுமாக மாறி மாறி மெல்லத் தட்டிக்கொள்வதே அது. படம் பார்த்த உடனே நமக்குக் கணபதியின் முன் கைகளைக் குறுக்கிட்டுக் காதைப் பிடித்துத் தோப்புக்கரணம் இடுவது நினைவுக்கு வரும். இரண்டும் ஒன்றல்ல. ஆயினும் உடலின் வழியாக மனத்தைத் தொடலாம் என்னும் அறிவு, சடங்குகளில் வளர்ந்த நமக்கு அந்நியமானதன்று.

சாட்சியாக நிற்பதைப் பற்றி இச்சிகிச்சை நமக்கு ஒரு பாடமும் கற்பிக்கிறது. காயம் பட்டவரால் தனியாகச் சாட்சியாக நிற்க இயலவில்லை. இயன்றிருந்தால் அவர் நோயுற்றிருக்கவே மாட்டார். அவருடைய ஒரு கால் கொடிய கடந்த காலத்தில் இருக்கும்போது, மறுகாலை நிகழ்காலத்தில் ஊன்றி நிற்க எதிரே ஒருவர் அமர வேண்டியிருக்கிறது. குருக்ஷேத்திரத்திலும் அர்ஜுனனின் எதிரே ஒருவர் இருந்தார். “நீ ஆத்மா, துயரப்படாதே” என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் பகவான் தேரைச் செலுத்தவில்லை. அவனுடைய கேள்விகள் அனைத்தும் ஓயும்வரை, பதினெட்டு அத்தியாயங்கள் முழுவதும் உடனிருந்தார்.

ஆறுதல் துரோகமா?

மனக்காயத்திற்குச் சிகிச்சை பெற வருவோர் பலர் வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் ஒரு கேள்வி உண்டு: “என் வலி குறைந்துவிட்டால், இறந்தவனை நான் மறந்துவிட்டேன் என்றாகாதா?” கடலில் மகனை இழந்த தாய்க்கு அந்த வேதனைதான் மகனோடு எஞ்சியிருக்கும் உறவு. அதையும் இழக்க அவள் அஞ்சுகிறாள். இதை அறியாமை என்று தள்ளக் கூடாது. அன்பே இங்கு வேதனையின் வடிவில் நிற்கிறது.

மகாபாரதம் இதற்கு ஒரு பதிலை வைத்திருக்கிறது. துரோணர் வஞ்சனையால் வீழ்த்தப்பட்டதை அவர் மகன் அசுவத்தாமனால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை. தந்தையின்பால் அவன் கொண்ட அன்பு பொய்யன்று. ஆறாத அந்தத் துயரம் அவனை எங்கே கொண்டு சென்றது? நள்ளிரவில் பாசறைக்குள் புகுந்து, உறங்கிக்கொண்டிருந்தவர்களைக் கொல்ல வைத்தது. முடிவில் அவன் பெற்ற சாபமோ, ஆறாத புண்ணோடு நெடுங்காலம் தனியே அலைவது. ஆறாத காயத்தை நம் இதிகாசம் விசுவாசத்தின் சின்னமாகக் காட்டவில்லை, சாபமாகவே காட்டுகிறது.

கீதையின் முடிவில் அர்ஜுனன் சொல்வதும் கருதத் தக்கது. தன் மயக்கம் ஒழிந்ததென்றும், நினைவு தனக்குத் திரும்பியதென்றும் அவன் கூறுகிறான். அங்கே நினைவு என்பது ஆத்ம சொரூபத்தின் நினைவே. எனினும் தெளிவு மறதியால் வருவதில்லை என்பது குறிப்பு.

சிகிச்சையின் அனுபவமும் இதையே உறுதிப்படுத்துகிறது. குணமடைந்தவருக்கு நடந்தது யாவும் நினைவிருக்கும். காட்சியின் கொடுமை தணிந்தபின், அதனால் மறைக்கப்பட்டிருந்த மற்ற நினைவுகள் வெளிவருகின்றன. இறந்த நண்பனின் கடைசி நொடி மட்டுமே தெரிந்துகொண்டிருந்தவருக்கு, அவனுடைய சிரிப்பும், சேர்ந்து வலை வீசிய நாட்களும் மீண்டும் கிடைக்கின்றன. ஒருவருடைய முழு வாழ்வையும் அவர் இறந்த கணத்தில் அடைத்து வைப்பதுதான் அவரை மறப்பது. அந்தக் கணத்தின் பிடியைத் தளர்த்துவது, அவரைத் திரும்பப் பெறுவது.

நினைவுக்கு இடமும் காலமும் வகுத்துக் கொடுத்தது நம் மரபு. கர்க்கடக அமாவாசையன்று திருவனந்தபுரத்தின் சங்குமுகம் கடற்கரையில் ஆயிரக்கணக்கானோர் பித்ருக்களுக்குப் பலியிடுகின்றனர்; அதே நாளை நாம் ஆடி அமாவாசையாகப் போற்றுகிறோம். கிறிஸ்தவ அன்பர்கள் நவம்பர் 2ஆம் நாளன்று இறந்தோரின் கல்லறைகளில் விளக்கேற்றுகின்றனர். இந்த நாளில் நினை. மற்ற நாட்களில் உன் கடமையைச் செய் என்பது இவற்றின் உட்கருத்து. சடங்கு நினைவை அழிப்பதில்லை. அதை உரிய பீடத்தில் எழுந்தருளச் செய்கிறது.

யாழ்ப்பாணத்தின் மனநல மருத்துவரான பேராசிரியர் தயா சோமசுந்தரம் போரினால் விளைந்த உளப்பாதிப்பைக் குறிக்க ‘மனவடு’ என்னும் சொல்லைத் தம் தமிழ் நூலுக்குத் தலைப்பாக்கினார். புண் ஆறினாலும் வடு நிற்கும் என்பதை அச்சொல்லே ஒப்புக்கொள்கிறது. குடும்பமும் கிராமமும் சேர்ந்தே காயப்படுகின்றன. ஆகவே குணமடைவதும் சேர்ந்தே நிகழ வேண்டும் என்பதும், மரபு சார்ந்த அமைதிப் பயிற்சிகளையும் சடங்குகளையும் அதற்குத் துணையாகக் கொள்ளலாம் என்பதும் அவர் வலியுறுத்தியவை. வடுவை இல்லாமற் செய்ய எவராலும் இயலாது. தொட்டால் துடிக்காத வடுவாக அதை மாற்ற இயலும்.

நம் கடமை

ஆன்மிக நாட்டமுடைய நம்மிடமிருந்து காயம் பட்டவர்கள் கேட்கும் சொற்கள் பெரும்பாலும் எவை? “எல்லாம் கர்மவினை”, “நடந்ததை மற”, “பகவானிடம் விட்டுவிடு, நம்பிக்கை குறைவதால்தான் இப்படி.” இவற்றைத் தமக்குத்தாமே சொல்லிக்கொள்வது விவேகம். துன்பத்தில் உழல்பவரிடம் பிறர் சொல்லும்போது இதே சொற்கள் அவர் தலையில் இன்னொரு சுமையை ஏற்றுகின்றன: ஏற்கெனவே நோயாளி, இப்போது பக்தியும் அற்றவர்! கர்மக் கொள்கை நமக்குத் தரப்பட்டது நம் பொறுப்பை உணர்வதற்கு. அயலாரின் துன்பத்திலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்வதற்கன்று.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. துயரம் நேர்ந்த உடனேயே, “அழு, எல்லாவற்றையும் கொட்டிவிடு” என்று வற்புறுத்துவது. பேரிடர் நேர்ந்தவுடன் அனைவரையும் நடந்ததை விவரிக்க வைக்கும் முறை பின்வரும் நோயைத் தடுப்பதில்லை என்று கண்டு, உலகச் சுகாதார நிறுவனம் அதைச் செய்ய வேண்டாமென்றே அறிவுறுத்துகிறது. மனம் சிதறுகாய் அன்று, ஒரே வீச்சில் உடைத்துத் திறப்பதற்கு. உணவு, இருப்பிடம், உறவினர் இருக்கும் செய்தி, அருகில் ஒரு மனிதர் ஆகியவையே முதல் உதவி. பேச விரும்பும்போது கேட்கச் செவி இருந்தால் போதும்.

மாதங்கள் கடந்தும் உறக்கமின்மையும் பதற்றமும் நீங்காதவரைத் தக்க மருத்துவரிடமோ, பயிற்சி பெற்ற உளவியலாளரிடமோ அழைத்துச் செல்ல வேண்டும். கண் அசைவுச் சிகிச்சையைக் கேட்டறிந்தவர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாகாது. ஆயத்தமின்றிக் கிளறிய நினைவு வெள்ளமாகப் பெருகக் கூடும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு நடத்தும் அல்லது அரசு நிதியுதவி பெறும் மனநலச் சேவைகளைப் பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக்கியுள்ளது. 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 என்னும் எண்ணைத் தொலைபேசியில் அழைத்துத் தமிழிலும் ஆலோசனை பெறலாம். எலும்பு முறிந்தால் கட்டுப் போடுவது பக்திக் குறைவாகாதது போலவே, மனம் முறிந்தால் சிகிச்சை பெறுவதும் பக்திக் குறைவாகாது. மருந்தும் பிரசாதமே, அதைத் தருபவரின் கையும் இறைவனுடைய கையே.

ஜீவனைச் சிவனாகக் கண்டு சேவை செய்யுமாறு நமக்கு உபதேசிக்கப்பட்டுள்ளது. பசித்தவருக்கு அன்னமிடும் சேவையை நாம் நன்கறிவோம். நடுங்குபவரின் எதிரே, அவசரப்படாமல், தீர்ப்புக் கூறாமல், அவர் பார்வை நிலைபெறும்வரை அமர்ந்திருப்பதும் அத்தகைய சேவையே. அதற்குப் பொருட்செல்வம் வேண்டுவதில்லை, பொறுமையே வேண்டும். விக்கினங்களை நீக்கும் விநாயகப் பெருமான் நம் தெருவிலும் நம் வீட்டிலும் உள்ள அத்தகையோரைக் காணும் கண்களை நமக்கு அருள்வாராக!